பில் இல்லாத வேலை

வேலை முடிந்து வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியாயிற்று. பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, எந்தக் கடையிலும் கேட்பதுபோலத்தான் கேட்டேன். "அண்ணா, ஒரு பில் போட்டுத் தந்துருங்க."

டீசலில் கை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பில்லெல்லாம் வேண்டாமுங்க தம்பி. ஏதாச்சும் ஒண்ணுன்னா வண்டிய இங்கயே கொண்டாங்க, நான் பாத்துத் தர்றேன். எம் பேரு மட்டும் எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது."

கோவையில் ஒரு தெருக்கோடிப் பட்டறை அது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடமாக ஜீப்தான் அவர் தொழில். என்னுடைய பழைய தாரின் முன்பக்கத்தில் வேறொரு பட்டறைக்காரர் கெடுத்து வைத்திருந்த சாலிட் ஆக்ஸில் வேலையை அவிழ்த்து, முதலிலிருந்து செய்து கொடுத்திருந்தார். நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது சாஃப்ட்வேரில். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்த மிக ஒழுங்கான இன்ஜினியரிங் வேலைகளில் அது ஒன்று. அதைச் செய்தவர் திருட்டு நகையை உருக்கிக் கொடுத்தவர்போல, பெயர் வெளியே தெரியக் கூடாது என்கிறார்.

கெடுத்து வைத்தவரும் பில் தரவில்லை. அவரும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். அதாவது, தெரிந்து செய்தவரும் தெரியாமல் செய்தவரும் காகிதத்தின் முன்னால் ஒன்று. இருவரும் இல்லாதவர்கள். இந்த நிலையை நம் சட்டம் உண்டாக்கி வைத்திருக்கிறது, நம் ஆஃப்ரோடு நண்பர்கள் அதை வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் இருக்கிறது.

*

சாலிட் ஆக்ஸில் என்றால் என்னவென்று தெரியாதவர்கள், அடுத்த முறை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்து ஒரு தடித்த இரும்புக் குழாய், நடுவில் பானை மாதிரி ஒரு உப்பல். அந்தப் பானைக்குள்தான் கிரவுனும் பினியனும் சுற்றுகின்றன. இடது சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் குழாய் முழுவதும் சாய்கிறது. சீசாவின் மறுமுனைபோல வலது சக்கரம் பள்ளத்துக்குள் அமுங்கி இறங்குகிறது. அதனால் இரண்டு சக்கரமும் தரையை விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

இன்றைய கார்களில் முன்பக்கம் இப்படி இருக்காது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை, தனி ஸ்பிரிங். இதைத்தான் ஐ.எஃப்.எஸ். என்கிறார்கள். இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் குறைவு. ஆகவே நெடுஞ்சாலையில் வண்டி மென்மையாகவும் ஸ்டீயரிங் துல்லியமாகவும் இருக்கும். காட்டுப் பாதையில் கதை வேறு. ஐ.எஃப்.எஸ். வண்டியில் நடுப்பானை சேஸோடு இறுக்கப்பட்டிருக்கிறது. வண்டி குலுங்கி இறங்கும்போதெல்லாம் அதுவும் தரையை நோக்கி இறங்கும். சக்கரம் முழுவதும் தொங்கி, ஸ்டீயரிங்கையும் முழுவதும் ஒடித்திருக்கும் நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால், சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் உடையலாம். அதன் ரப்பர் உறை கிழிந்து சேறு புகுந்தாலும் ஆயுள் முடிந்தது.

இந்த ஏக்கம் பழையது. டொயோட்டாவின் பிக்-அப் அமெரிக்காவில் 1985 மாடல் வரை சாலிட் முன் ஆக்ஸிலோடு வந்தது. 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் நாயகன் ஏங்கிப் பார்க்கும் கறுப்பு டொயோட்டா அந்தக் கடைசி வருடத்து வண்டிதான். 1986-இல் நிறுவனம் ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு மாறியது. புது வண்டியில் பழைய ஆக்ஸிலைப் பொருத்தும் பழக்கம் அங்கே பிறந்து, இன்றைக்கு அதற்கென்று முழு சாமானும் பெட்டியில் வைத்து விற்கும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. நம் ஊர்க் கதை 25 வருடம் பின்தங்கியது. வில்லிஸ் காலத்திலிருந்து மஹிந்திரா ஜீப்புகள் பட்டை ஸ்பிரிங்கும் சாலிட் ஆக்ஸிலுமாகவே வந்தன. 2010-இல் வெளிவந்த தாரின் சி.ஆர்.டி.ஈ. மாடலில் முன்பக்கம் ஐ.எஃப்.எஸ். ஆனது, பின்பக்கம் பட்டையாகவே நின்றது. முகம் ஜீப், முன்கால் கார். அதிலிருந்து ஆரம்பித்தது நம் ஆட்களின் அரிப்பு.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா? பாதை என்று அதைச் சொல்லுவது ஒரு மரியாதைக்குத்தான். பாறைக் குவியலுக்கு நடுவே பழைய மஹிந்திரா ஜீப்பின் டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சுற்றுலா வந்தவர்களிடம் பேசிக்கொண்டே ஏற்றுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சாமி கும்பிடுவார்கள். கீழே இருக்கும் அந்த இரும்புக் குழாய் அவருடைய பிழைப்பு. பட்டை உடைந்தால் டவுனில் மாற்றிக்கொள்வார். எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, உறை கிழிவது கிடையாது. என்னைப்போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்குத் தேடுவது அவர் தினமும் சோறு தின்னும் கருவியை.

*

முதலில் என் சொந்தக் கட்சிக்காரர்களிடம் பேசிவிடுகிறேன்.

நண்பர்களே, உங்களில் பெரும்பாலோருக்கு சாலிட் ஆக்ஸில் தேவையில்லை. எனக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி, மற்றொன்றைத் தொங்கவிட்டு எடுக்கும் அந்தப் புகைப்படம்தான் பலருக்கும் வேண்டியிருக்கிறது. மண்பாதையில் மாட்டிக்கொள்பவர்களில் பலருக்கு டயரின் காற்றைக் குறைக்கத் தெரிந்திருந்தால் போதும். அதைத் தாண்டியும் போதாதென்றால் நல்ல டயர், அதற்கு மேல் ஒரு டிஃபரன்ஷியல் லாக். இவ்வளவையும் செய்து பார்த்து, அதற்கப்புறமும் பாறைதான் என் உலகம் என்று இருப்பவருக்கு மட்டும்தான் ஆக்ஸில் மாற்றும் பேச்சே வர வேண்டும்.

சாலிட் ஆக்ஸில் என்றால் ஆண்மை, ஐ.எஃப்.எஸ். என்றால் பொம்மை என்று ஒரு மூடநம்பிக்கை ஓடுகிறது. பாலைவனத்தில் அசுர வேகத்தில் ஓடும் டக்கார் பந்தயக் கார்களின் முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன்தான். 2021 மாடலாக மறுபடி வந்த ஃபோர்டு பிராங்கோவும் அப்படித்தான் வந்தது. எந்த வேகத்தில், எந்தத் தரையில் என்பதைப் பொறுத்த தேர்வு அது. மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு ஒன்று, வேகமாக மணலில் பறப்பவருக்கு ஒன்று. சாதிப் பெருமை மாதிரி இதைத் தூக்கிக்கொண்டு அலைவதில் அர்த்தம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சட்டம் கிடக்குது ப்ரோ" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள் அல்லவா? அந்த வாக்கியத்தை எனக்கு வாளையார் பக்கத்தில் ஒரு பாலம் மறக்கடித்தது.

*

முதல் பட்டறையில் என் வண்டி மூன்று வாரம் கிடந்தது. பழைய ஜீப் ஒன்றின் முன் ஆக்ஸிலை வாங்கிவந்தார்கள். தாரின் முன்கைகளையும் அவற்றின் தாங்கிகளையும் கேஸ் கட்டிங்கில் அறுத்து, பட்டை மாட்டும் ஹேங்கர்களைச் சேஸில் வெல்டு வைத்தார்கள். ஐ.எஃப்.எஸ். போனால் அதன் ஸ்டீயரிங் அமைப்பும் போகும். பழைய வகை ஸ்டீயரிங் பாக்ஸ் ஒன்றைச் சேஸில் மாட்டி, அதிலிருந்து ஒரு டிராக் லிங்க்கைச் சக்கரத்துக்கு இழுத்தார்கள். வண்டி முன்பைவிட உயரமாக, கம்பீரமாக நின்றது. நான் புகைப்படம் எடுத்தேன். ஆமாம், நானும்தான்.

பாலக்காடு சாலையில் எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் தட்டியது. அவ்வளவுதான், ஸ்டீயரிங் என் கையைவிட்டு ஆட ஆரம்பித்தது. இடம் வலம், இடம் வலம், பற்களே கிடுகிடுக்கும் வேகத்தில். ஆஃப்ரோடுகாரர்கள் இதை 'டெத் வாபிள்' என்பார்கள். பெயரைக் கேட்டு நான் பலமுறை சிரித்திருக்கிறேன். எனக்கு இடப்பக்கம் ஒரு எக்ஸ்.எல். வண்டியில் கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. மெதுவாக வேகத்தைக் குறைத்து, முப்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் ஆட்டம் நின்றது. அவர்கள் போய்விட்டார்கள். ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் என்ன? கல்லூரியில் பத்து மதிப்பெண் கேள்வியாக நான் மனப்பாடம் செய்ததுதான் காரணம். காஸ்டர் கோணம். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் அது நேராக ஓடுகிறது. காரிலும் முன்சக்கரம் திரும்பும் அச்சு சில டிகிரி பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு போனால் சக்கரத்துக்கு நேர்ப்பாதை மறந்துவிடும். என் வண்டியை உயர்த்தியதில் முன்பக்க ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணம் அதிகமாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்து, பினியன் மூக்கை மேலே தூக்கியிருந்தார்கள். ஆக்ஸில் ஒரே இரும்பு. மூக்கு மேலே போனால் சக்கரத்தின் அச்சு முன்னால் சாயும். ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றைக் கொன்றிருந்தார்கள். டிராக் லிங்க்கும் ஏணி மாதிரி சரிந்து நின்றது. பள்ளத்தில் ஆக்ஸில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஸ்டீயரிங்கை இழுத்தது. என் கை திருப்பாமலே வண்டி திரும்பியது. போதாக்குறைக்கு, என் வண்டியில் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு, பழைய ஆக்ஸிலோடு வந்த டிரம் பிரேக்கையே விட்டிருந்தார்கள்.

இப்போது பெரியவர் பட்டறைக்கு வருவோம். வண்டியைப் பார்த்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். சேஸின் நான்கு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் புள்ளி வைத்து, குறுக்கு அளவு பார்த்தார். ஹேங்கர் ஒன்று தள்ளி நிற்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஆக்ஸில் பானையைத் திறந்து கிரவுனின் பற்களை எண்ணினார், பினியனின் பற்களால் வகுத்தார். பின் ஆக்ஸிலையும் அப்படியே. இரண்டு விகிதமும் ஒன்றாக இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் மல்லுக்கட்டி எதையாவது முறிக்கும். என் வண்டியில் ஒன்றாக இல்லை. முதல் பட்டறைக்காரர் எண்ணியே பார்த்திருக்கவில்லை.

ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் இருக்கும் நக்கிள் பந்துகளின் வெல்டை அறுத்து, பினியன் மூக்கு தன் இடத்தில் இருக்கும்படி விட்டு, சக்கர அச்சை மட்டும் தேவையான சாய்வுக்குத் திருப்பி மறுபடி வெல்டு வைத்தார். டிராக் லிங்க் படுக்கையாக வரும்படி ஆர்மை மாற்றினார். விகிதம் பொருந்தும் கிரவுன் பினியன் தேடிப் பிடித்தார். டிஸ்க் பிரேக் திரும்பி வந்தது. வெல்டின்மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். "இத எங்கங்கண்ணா கத்துக்கிட்டீங்க?" என்றேன். "ஒரு மில்லுல பாய்லருக்கு இப்படித்தாங்க பாப்பாங்க" என்றார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன ஒவ்வொன்றும் அளக்கக்கூடியது. கோணம், குறுக்களவு, விகிதம், விரிசல், பிரேக். எதிலும் மர்மம் இல்லை. ஒரு அரை நாளில் ஒரு பரிசோதகர் எல்லாவற்றையும் அளந்து, இது ஓடலாம், இது ஓடக் கூடாது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல இந்த நாட்டில் ஆள் இல்லை.

*

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்தது. நிறம் மாற்றலாம், சில்லறைப் பொருத்தல்கள் செய்யலாம், அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182அ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதில் எங்கேயும் ஒரு கேள்வி இல்லை. "ஒழுங்காகச் செய்திருக்கிறதா?" என்ற கேள்வி. வாளையார் பாலத்தில் ஆடிய வண்டிக்கும், பெரியவர் சரிசெய்து கொடுத்த வண்டிக்கும் ஒரே தண்டனை. ஒழுங்காகச் செய்தவனுக்கு எந்தச் சலுகையும் இல்லையென்றால், ஒழுங்காகச் செய்ய எதற்குச் செலவழிப்பான்? முதல் பட்டறை பாதி விலைக்குச் செய்தது. பிடிபட்டால் இரண்டும் ஒன்றுதானே.

சாலிட் ஆக்ஸிலே ஆபத்து, அதனால்தான் தடை என்று நினைத்துவிடாதீர்கள். 2023-இல் இந்தியாவில் இறங்கிய மாருதி சுசுகியின் ஜிம்னி முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸிலோடு ஷோரூமில் விற்றது. ஜீப் ராங்லரும். அதே இரும்புக் குழாய், அதே நெடுஞ்சாலை, அதே எக்ஸ்.எல். குடும்பம் பக்கத்தில். நிறுவனம் பொருத்தினால் தொழில்நுட்பம், நாம் பொருத்தினால் குற்றம்.

இதற்கு வரும் முதல் பதில் எனக்குத் தெரியும். நிறுவனம் சோதித்துப் பார்த்துவிட்டு விற்கிறது, நீ சோதிக்கவில்லை. நியாயமான பதில்! 2020-இல் வந்த புதிய தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதன் முன்பக்கத்தை ஒருவர் அறுத்தால் அந்த நட்சத்திரங்கள் அவருக்குச் சொந்தமில்லை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில் ஆக்ஸிலை மாற்றினால் அந்த கம்ப்யூட்டர் வேறொரு வண்டியை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வண்டிகளில் இந்த வேலையை அனுமதிக்கவே கூடாது என்று பரிசோதகர் சொன்னால், நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் 'சோதிக்கவில்லை' என்பதுதான் குறை என்றால், தீர்வு சோதிப்பது. சோதிக்க வந்தவனைக் கைது செய்வது அதற்குத் தீர்வாகாது.

உலகத்தில் யாரும் இதைச் செய்யாமல் இல்லை. ஜெர்மனியில் இப்படியொரு மாற்றத்தைச் செய்தால் அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் வந்து பார்ப்பார். அவர் ஒப்புக்கொண்டால் மாற்றம் வண்டியின் பத்திரத்தில் ஏறும், ஒப்புக்கொள்ளாவிட்டால் வண்டியின் ஓட்டும் அனுமதி செல்லாது. ஆஸ்திரேலியாவில் இலகு வாகன மாற்றங்களுக்கென்று தேசிய நெறிமுறைத் தொகுப்பே இருக்கிறது. பெரிய மாற்றங்களுக்கு உரிமம் பெற்ற இன்ஜினியர் சான்றிதழ் தர வேண்டும். ஜெர்மன்காரர்கள் சாலைப் பாதுகாப்பில் அலட்சியமானவர்கள் என்று யாராவது சொல்வீர்களா?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும். நம் பிரிவு 52-க்குள்ளேயே கதவு இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்கு கேஸ் கிட் மாட்டலாம், விதிகளுக்கு உட்பட்டு. உயரழுத்த கேஸ் சிலிண்டரைக் குடும்பத்தோடு டிக்கியில் வைத்து ஓட்டுவதை நம்பும் சட்டம் அது. மாற்றுத்திறனாளி ஒருவர் தன் வண்டியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டு, பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம். 2019 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. வாகன மாற்றங்களுக்கான அளவுகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று. அதாவது, அதிகாரம் கையில் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே மத்திய அரசின் ஆய்வு மையம் இருக்கிறது, சென்னையிலிருந்து ஒரு மணி நேரம். நான் கேட்பது புதுக் கட்டடம்கூட இல்லை. ஒரு விண்ணப்பப் படிவமும் ஒரு அளவுப் பட்டியலும்.

*

இரண்டாவது பதில்தான் கடினமானது. என் அம்மாவே கேட்டார். "ஏன்டா, இருக்கற இன்ஸ்பெக்ஷனே காசக் குடுத்தா பாஸ் ஆயிருதுன்றாங்க. இன்னொண்ணு வெச்சா அதுலயும் காசுதான?"

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒரு பாதிப் பதில் இருக்கிறது. இன்று லஞ்சம் இல்லாமல் இல்லை. மாற்றிய வண்டி வழியில் நிறுத்தப்பட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பேசித் தீர்த்துக்கொண்டு போவார்கள். அந்தப் பேச்சில் யாரும் காஸ்டர் கோணத்தை அளப்பதில்லை. தடை இருக்கும் இடத்தில் லஞ்சம் மட்டும் இருக்கிறது. பரிசோதனை இருக்கும் இடத்தில் லஞ்சமும் இருக்கலாம், கூடவே ஒரு கையெழுத்தும் இருக்கும். நாளை அந்த ஆக்ஸில் கழன்று யாராவது செத்தால், அதைச் சரி என்று எழுதியவர் யார், வெல்டு வைத்தவர் யார் என்று நீதிமன்றம் கேட்க ஒரு பெயர் இருக்கும். நான் வேலை செய்யும் துறையில் ஒரு வரி கோடு மாற்றினாலும் யார் மாற்றியது, யார் பார்த்து ஒப்புக்கொண்டது என்று இரண்டு பெயர் பதிவாகும். அதனால் எங்கள் மென்பொருளில் பிழையே இல்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிழை வந்தால் எங்கே போய்க் கேட்பது என்பதாவது தெரியும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒன்றரை டன் இரும்புக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது பதில்: இது வசதியானவர்களின் விளையாட்டு, நாட்டில் வேறு பிரச்சினை இல்லையா? விளையாட்டுதான், மறுக்கவில்லை. நான் செலவழித்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த விளையாட்டின் மறுமுனையில் நிற்பவர் வசதியானவர் இல்லை. அவர் பட்டறைக்காரர். அவருடைய நாற்பது வருட அறிவுக்கு எந்தக் காகிதத்திலும் இடம் இல்லை. பில் போட முடியாதவருக்கு வங்கிக் கடன் எப்படிக் கிடைக்கும்? அவரிடம் வேலை கற்ற பையன் எந்தச் சான்றிதழைக் காட்டி வேறு வேலை கேட்பான்? கோவை பம்பும் மோட்டாரும் செய்து பெயர் வாங்கிய ஊர். ஒன்றைப் பார்த்து, பிரித்து, மேம்படுத்திச் செய்தவர்களின் ஊர். அந்தக் கை வேலையின் ஒரு கிளையை நாம் ஒளிந்து செய்ய வைத்திருக்கிறோம்.

அவருக்கு ஒரு மகன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். "பட்டறைய அவரு பாத்துக்க மாட்டாரா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் என்ன பண்றேன்னு வெளிய சொல்லவே முடியாத தொழிலுங்க இது. இதுக்குப் போயி எப்படிங்க பையன வரச் சொல்றது?"

*

என் வண்டி இப்போது சாலையில் ஓடுவதில்லை. இன்சூரன்ஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று விசாரித்தேன், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் விசாரித்தேன். இரண்டு பதிலும் ஒன்றுதான். மோதினால் கை விரித்துவிடுவார்கள். அந்தக் குழந்தை திரும்பிப் பார்த்தது அடிக்கடி ஞாபகம் வந்தது. வண்டி நன்றாகவே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? சாலையில் வரும் மற்றவர்களுக்கு அதை நான் எதைக் காட்டி நிரூபிப்பது? ரெக்கவரி வண்டியில் ஏற்றி, ஆனைகட்டிப் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் விட்டுவிட்டேன். அங்கே தேங்காய் இழுக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேட்டுக்கு, மழைக்காலத்திலும் ஏறுகிறது. ஒரு முறைகூட ஆடியதில்லை.

ஆக, நான் சட்டத்துக்குப் பணிந்துவிட்டவன். முதல் பட்டறையில் என்னைப்போலவே வண்டி விட்ட மற்றவர்கள் பணியவில்லை. அவர்கள் வண்டிகள் இன்றும் ஆப்பு வைத்த ஆக்ஸிலோடு பாலக்காடு சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தடையால் சாலையைவிட்டு இறங்கியது ஒழுங்காகச் செய்யப்பட்ட வண்டி.

அரசிடம் நான் கேட்பது சின்ன விஷயம். மாற்றலாமா கூடாதா என்று கேட்பதை விட்டு, மாற்றியதைக் கொண்டுவா, அளக்கிறேன் என்று சொல்லுங்கள். கட்டணம் வாங்குங்கள், கடுமையாக அளந்து பாருங்கள். தேறாததைச் சாலையில் விடாதீர்கள், தேறியதைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். என் கட்சிக்காரர்களிடம் கேட்பதும் சின்ன விஷயம்தான். அப்படியொரு நாள் வந்தால் தேறக்கூடிய வேலையை இன்றைக்கே செய்யுங்கள். செய்பவர் அளக்கிறாரா என்று பாருங்கள். சுண்ணாம்புக் கட்டியும் தூக்குக்குண்டும் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

அந்தப் பெரியவர் எடுத்த அளவுகளையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கோணங்கள், பல் எண்ணிக்கை, வெல்டு சோதித்த தேதி. கடைசியில் அவர் பெயருக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன். போன மாதம் போனபோது மறுபடியும் கேட்டேன், பில் வேண்டாம் அண்ணா, இதில் கையெழுத்தாவது போடுங்கள் என்று. நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு அளவாகப் படித்தார். ஓர் இடத்தில் நான் தவறாக எழுதியிருந்த எண்ணை அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.